கிளிக்ஸ் மொதெர்னோஸ் (1983): இதைக் கேட்டு ஆடுவதா, அழுவதா?

மாடிவீட்டு_ரேடியோ எழுதியது:

மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள். லத்தீன் ராக் கேட்கத் தொடங்கினால் அர்ஜென்டினா ராக் பாடகர் சார்லி கார்சியாவின் 'கிளிக்ஸ் மொதெர்னோஸ்' இல்லாமல் ஆகாதாம். அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி முடிகிற நேரத்தில் வந்த ஆல்பம், இராணுவம் பிடித்துக்கொண்டு போய்க் காணாமல் போனவர்களைப் பற்றிய பாட்டு அதில் இருக்கிறது, அந்த நாட்டு ரோலிங் ஸ்டோன் இதழ் 2007-இல் போட்ட நூறு சிறந்த ராக் ஆல்பங்களில் இரண்டாம் இடம் என்று ஏகப்பட்ட பில்டப்.

நேற்று ராத்திரி விளக்கை அணைத்து, ஹெட்போன் மாட்டி, மனதைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டு 'நோஸ் சிகென் பெகாந்தோ அபாஹோ'. டிரம் மெஷின்! பாட்டு தொடங்கிப் பத்து நொடியில் கால் தானாகத் தட்டுகிறது. நான் துக்கம் விசாரிக்கப் போனேன், அங்கே கல்யாண பேண்டு வாசிக்கிறார்கள். ஒன்பது பாட்டும் கேட்டு முடித்தேன். ஏழாவதாக வரும் 'லோஸ் தினோசௌரியோஸ்' மட்டும் பியானோவோடு நான் எதிர்பார்த்த மாதிரி இருந்தது. கடைசிப் பாட்டும் மெதுவானதுதான், ஆனால் அது என் மனதில் ஒட்டவில்லை. மற்றதெல்லாம் டிஸ்கோவில் போடலாம்.

எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. அதனால் கேட்கிறேன்: இது உண்மையிலேயே அரசியல் ஆல்பமா? அல்லது ஒரு பாட்டை வைத்து மற்ற எட்டையும் பின்னால் வந்தவர்கள் புனிதமாக்கிவிட்டார்களா?

---

ரிதம்பேட்_மணி எழுதியது:

நான் லைட் மியூசிக் குழுவில் ரிதம் பேட் வாசிக்கிறவன். அரசியல் பக்கம் போகவில்லை, மெஷினைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது ரோலண்ட் டிஆர்-808. அதற்குள் பதிவு செய்த டிரம் சத்தம் எதுவும் கிடையாது. எல்லாம் சர்க்யூட்டே உண்டாக்கும் சத்தம். அதனால்தான் அதன் கைதட்டல் மனிதர்களின் கைதட்டல் மாதிரி இருக்காது, ஈரமான அட்டையைக் கிழித்த மாதிரி இருக்கும். 1980-இல் வந்தது, சுமார் 12,000 மட்டும் விற்றது, 1983-இல் உற்பத்தியே நின்றுவிட்டது. நிஜ டிரம் மாதிரி இல்லை என்பதுதான் அப்போது அதன் மேல் இருந்த புகார். 1982-இல் மார்வின் கேயும் ஆஃப்ரிக்கா பம்பாட்டாவும் அதை வைத்து ஹிட் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஸ்பானிஷில் பாடும் ராக் பாடகர் ஒருவர் 1983-இல் அதை ஆல்பத்தின் நடுவில் உட்கார வைத்தது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மெஷின் இம்மி பிசகாமல் போகும்போது பேஸ் மட்டும் மூச்சு விடும். அது பெத்ரோ அஸ்னார். சார்லியின் முந்தைய குழுவான சேரு ஹிரானில் இருந்தவர், அந்தச் சமயத்தில் அமெரிக்க ஜாஸ் கிட்டார்காரர் பேட் மெத்தினியின் குழுவுக்குப் போய்விட்டார். ஹெட்போனில் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு முறை முழுதாகக் கேளுங்கள். ஆல்பமே வேறாகத் தெரியும்.

---

சொல்வேர் எழுதியது:

ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்துச் சோறு சாப்பிடுகிறேன், அதனால் இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

ரேடியோ, நீங்கள் டிஸ்கோவில் போடலாம் என்று சொன்ன முதல் பாட்டு நடப்பதே ஒரு டிஸ்கோவில்தான். தலைப்பின் பொருள், 'இன்னும் நம்மைக் கீழேயே அடித்துக்கொண்டிருக்கிறார்கள்'. பாடுகிறவன் வெளிச்சம் குறைந்த ஒரு கிளப்பில் இருக்கிறான். எதிரே ஒருவன் மயங்கி விழுகிறான். மாத்திரையால் இல்லை, சாம்பல் நிற உடை போட்ட ஆட்களால் என்கிறது பாட்டு. அப்புறம் 'பாருங்கள், திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள்' என்று வருகிறது. உங்கள் கால் தட்டியதே, அந்தத் தாளத்தின் மேல்தான் இதெல்லாம் நடக்கிறது.

'நோ மெ தேஹான் சாலிர்' என்றால் 'என்னை வெளியே விட மாட்டேன் என்கிறார்கள்'. 'நான் பச்சையாக இருக்கிறேன்' என்று பாடுகிறான். ஸ்பானிஷில் பச்சை என்றால் பழுக்காத காய் என்றும் அர்த்தம், நம் 'பிஞ்சு' மாதிரி. இராணுவ உடையும் பச்சைதான். இரண்டையும் நினைத்து எழுதினாரா என்று சார்லியைத்தான் கேட்க வேண்டும். அந்தப் பாட்டில் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் ஒரு கத்தலை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அடைபட்டவன் பாடும் பாட்டுக்குள் வேறு நாட்டுக்காரனின் கத்தல். இரண்டாவது பாட்டில் இரண்டு ஆண்கள் ஒரு பாரில் கைகோத்து, டேப் ரெக்கார்டரைப் போட்டு டாங்கோ ஆடுகிறார்கள். இராணுவ ஆட்சியில் பதிவு செய்த பாட்டு இது.

எல்லாப் பாட்டிலும் அரசியல் தேட வேண்டாம். 'பாங்காத்தே எசே தெஃபெக்தோ' என்பது 'உன் குறையோடு குப்பை கொட்டு' என்கிற மாதிரி. மூக்கு முகத்துக்குப் பொருந்தாவிட்டால் உன் தப்பா என்று கேட்கும் பாட்டு. ஒரு பக்கம் வெளுத்து இரண்டு நிறத்தில் மீசை வைத்திருக்கிற மனுஷன் எழுதியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

கறார்_பேர்வழி எழுதியது:

பக்தர்கள் கூடிவிட்டார்கள் போல. யாராவது எதிர்ப்பக்கம் பேச வேண்டாமா?

ஆல்பம் பதிவானது எங்கே? நியூயார்க்கில், எட்டாவது தெருவில், கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டிய எலக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில். இன்ஜினியர் யார்? தி கிளாஷ் என்ற பிரிட்டிஷ் பங்க் ராக் குழுவோடு வேலை செய்த ஜோ பிளேனி. கிட்டார் வாசிக்க அமெரிக்க ஸ்டுடியோக்களில் பேர்போன லாரி கார்ல்டன். ஊரில் காணாமல் போனவர்களின் அம்மாக்கள் 1977-இலிருந்து வியாழன்தோறும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு பிளாசா தே மாயோ சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறார்கள். இவர் மன்ஹாட்டனில் மெஷின் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

'பிசிக்லேத்தா' என்று 1980-இல் ஒரு ஆல்பம், சேரு ஹிரான் போட்டது. அதில் ஆலிஸ் போன அதிசய நாட்டைச் சாக்காக வைத்து ஆட்சியைக் கிழித்தார்கள். ஆமை என்றால் பழைய ஜனாதிபதி இல்லியா, வால்ரஸ் என்றால் ஜெனரல் ஓங்கானியா. தணிக்கைக்காரன் மூக்குக்கு நேரே வைத்த பாட்டு. அதுதான் துணிச்சல். 1983-இல் இராணுவம் பாதி மூட்டை கட்டிவிட்டது. விழுகிற மாட்டுக்குக் குறி சுடுவதில் என்ன வீரம்?

---

நாலாம்_பக்கம் எழுதியது:

கறார், தேதிகளைச் சரியாக வைத்துக்கொண்டு சண்டை போடுவோம்.

இராணுவம் ஆட்சியைப் பிடித்தது 24 மார்ச் 1976. ஃபாக்லாந்து தீவுகளுக்காகப் போய்ப் பிரிட்டனிடம் தோற்றது ஜூன் 1982. செப்டம்பர் 1983-இல், போகிற போக்கில், தங்களுக்குத் தாங்களே பொதுமன்னிப்புச் சட்டம் போட்டுக்கொண்டார்கள். தேர்தல் 30 அக்டோபர். ஆல்ஃபோன்சின் ஜெயித்தார், ஆனால் பதவி ஏற்றது 10 டிசம்பர். இந்த ஆல்பம் வெளியானது 5 நவம்பர். அதாவது தேர்தல் முடிந்து ஆறாம் நாள், பதவியேற்புக்கு இன்னும் ஐந்து வாரம். நாற்காலியில் இருந்தது ஜெனரல்தான், அந்த மன்னிப்புச் சட்டமும் அமலில்தான் இருந்தது. புதிய நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது டிசம்பரில். பாட்டுகள் எழுதிப் பதிவானது இதற்கெல்லாம் முன்பு. மாடு விழுந்துவிட்டது என்று அன்றைக்கு யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

இன்னொரு வேடிக்கை. ஃபாக்லாந்து சண்டை நடந்தபோது வானொலியில் ஆங்கிலப் பாட்டுக்குத் தடை. அதுவரை உள்ளூர் ராக்கைக் கண்டுகொள்ளாத நிலையங்களுக்குத் திடீரென்று ஸ்பானிஷ் ராக் தேவைப்பட்டது. யார் வாயை அடைக்கப் பார்த்தார்களோ அவர்களுக்கே மைக் கொடுத்தாயிற்று. சார்லி மாதிரி ஆட்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்ததில் இந்தத் தடைக்கும் பங்கு உண்டு.

---

சும்மா_வந்தேன் எழுதியது:

ஜெனரல்களே ராக் இசைக்கு ஸ்பான்சர். சிறப்பு.

---

ஹட்சன்_கரை எழுதியது:

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். அந்த அட்டைப்படம் எடுத்த இடத்துக்குப் போயிருக்கிறேன், அதனால் எட்டிப் பார்த்தேன்.

வாக்கர் தெருவும் கோர்ட்லாண்ட் சந்தும் சேரும் மூலை. சந்து என்றால் நிஜமாகவே சந்துதான். இரண்டு பக்கமும் பழைய செங்கல் கட்டடங்கள், மேலே துருப்பிடித்த இரும்புப் படிகள், கீழே குப்பை மூட்டைகள். அட்டையில் சார்லியோடு சுவரில் ஒரு கறுப்பு மனித நிழல் இருக்குமே, அது ரிச்சர்ட் ஹாம்பிள்டன் வரைந்தது. அந்த வருஷங்களில் மன்ஹாட்டன் முழுக்க இருட்டு மூலைகளில் இந்த மாதிரி நிழல்களைத் தீட்டிக்கொண்டிருந்த ஆள். அதே சுவரில் 'மாடர்ன் கிளிக்ஸ்' என்ற கிறுக்கலும் இருந்தது. அதுவரை ஆல்பத்துக்கு 'புதுத்துணிகள்' என்கிற பொருளில் 'நுவெவோஸ் திராபோஸ்' என்றுதான் பெயர் யோசித்திருந்தார்கள். சுவரைப் பார்த்ததும் மாற்றிவிட்டார்கள். படம் எடுத்தவர் உபெர்த்தோ சாக்ரமோசோ.

நான் போனபோது நிழல் இல்லை. எப்போதோ அழிந்துவிட்டது, மேலே எத்தனை கோட்டிங் பெயின்டோ. ஆனால் நாற்பதாம் ஆண்டை ஒட்டி 2023 நவம்பரில் அந்த மூலைக்குச் 'சார்லி கார்சியா கார்னர்' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு பையன்கள் வெறும் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அர்ஜென்டினாவா என்றேன். ஆமாம் என்று சொல்லிவிட்டு, நீ எந்த ஊர், உனக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் குடைந்து எடுத்துவிட்டார்கள்.

---

சொல்வேர் எழுதியது:

ஹட்சன், நிழல் என்று நீங்கள் சொன்னதும் ஒன்று ஞாபகம் வந்தது.

21 செப்டம்பர் 1983. புவெனோஸ் ஐரிஸில் அந்த அம்மாக்களின் பேரணி. மூன்று ஓவியர்கள் ஒரு யோசனையோடு வந்தார்கள். தரையில் காகிதத்தை விரித்து, வந்தவர்களையே அதில் படுக்கச் சொல்லி, உடம்பைச் சுற்றிக் கோடு போட்டு, ஆளுயர உருவங்களாக வெட்டி, சதுக்கத்தைச் சுற்றியுள்ள சுவர்களில் ஒட்டினார்கள். ஆயிரக்கணக்கில். காணாமல் போன ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம். 'சிலுவெத்தாஸோ' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அம்மாக்கள் வைத்த நிபந்தனை ஒன்று: உருவம் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது, நிற்க வேண்டும். கிடந்தால் பிணம் என்றாகிவிடும். அவர்கள் பிள்ளைகளை உயிரோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆறேழு வாரம் கழித்து அதே ஊர்க் கடைகளில் இந்த ஆல்பம். அட்டையில் சுவரோடு நிற்கும் கறுப்பு உருவம்.

---

கறார்_பேர்வழி எழுதியது:

நல்ல கதை. ஆனால் படம் எடுத்தது நியூயார்க்கில். ஹாம்பிள்டனுக்கு அந்த அம்மாக்களைத் தெரியாது. தற்செயலை எடுத்து ஆல்பத்தின் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

---

ஹட்சன்_கரை எழுதியது:

வரவு வைக்கவில்லை, கறார் சார். தற்செயல்தான். ஆனால் இதையும் கேளுங்கள். நிழல்களுக்கு முன்பு, எழுபதுகளில், ஹாம்பிள்டன் பல ஊர்த் தெருக்களில் கொலை நடந்த இடத்தில் போலீஸ் போடும் மாதிரி தரையில் உடம்பு வடிவத்துக்கு வெள்ளைக் கோடு போட்டுச் சிவப்புப் பெயின்ட் தெளித்துவிட்டுப் போவார். யாரோ செத்துக் கிடந்தார்கள் என்று ஜனங்கள் பயந்துபோவார்கள். அவருடைய உருவங்கள் தரையிலிருந்து எழுந்து சுவருக்கு வந்தது அதற்கு அப்புறம்தான்.

இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை. அந்தப் பையன்கள் சுவரை ஏன் அப்படித் தடவிக்கொண்டிருந்தார்கள் என்று மட்டும் சொல்வேர் எழுதியதைப் படித்த பிறகு கொஞ்சம் புரிகிறது.

---

வன்னிக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒரு சொல்லுக்காக எழுதுகிறேன்.

சொல்வேர் அக்கா, 'லோஸ் தினோசௌரியோஸ்' பாட்டில் வரும் வினைச்சொல்லைத் தமிழில் எப்படிப் போடுவீர்கள்? கூட்டாளிகள் காணாமல் போகலாம், ரேடியோவில் பாடுகிறவர்கள் காணாமல் போகலாம், பேப்பரில் பெயர் வருகிறவர்கள் காணாமல் போகலாம், நீ நேசிக்கிற ஆளே காணாமல் போகலாம், ஆனால் தினோசௌரியர்கள் (டைனோசர்கள்) காணாமல் போவார்கள் என்று ஒரு மொழிபெயர்ப்பு பார்த்தேன். எங்கள் பக்கம் 'காணாமல் போனோர்' என்று எழுதினால் தாய்மார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். போகவில்லை, ஆக்கினார்கள் என்பார்கள். 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றுதான் எழுத வேண்டும். ஒரு சொல் மாறினால் குற்றவாளி தப்பிவிடுவான்.

---

சொல்வேர் எழுதியது:

தங்கச்சி, இதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

ஸ்பானிஷில் அந்த வினை உங்கள் 'போனோர்' மாதிரிதான், செய்தவன் யார் என்று சொல்லாது. 1979-இல் ஆட்சித் தலைவர் ஜெனரல் விதேலா பத்திரிகையாளர்களிடம் அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டார்: இறக்கவுமில்லை, உயிரோடும் இல்லை, காணாமல் போனவர், அவ்வளவுதான் என்று. சார்லி செய்தது, அதே சொல்லை அதே மழுப்பலோடு திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கிவிட்டு, கடைசியில் அதைத் தினோசௌரியர்கள் பக்கம், அதாவது ஜெனரல்கள் பக்கம், திருப்பியது. முதலில் வருவதெல்லாம் 'போகலாம்'. கடைசியில் வருவது மட்டும் 'போவார்கள்'. சந்தேகமே இல்லாத எதிர்காலம்.

தமிழில் நீங்கள் சொல்கிற மாதிரி முதல் வரிகளுக்கு 'ஆக்கப்படலாம்' என்று போட்டால் உண்மை வந்துவிடும், ஆனால் சொல்லைத் திருப்பி அடிக்கிற அடி போய்விடும். 'போகலாம்' என்று போட்டால் அடி விழும், உண்மை மழுங்கும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

பாட்டின் பின்பாதியையும் சொல்லிவிடுகிறேன், ரேடியோவின் முதல் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பியானோ வேகம் எடுக்கிற இடம். உலகம் கீழே இழுக்கும்போது எதிலும் கட்டுண்டு கிடக்காமல் இருப்பது மேல் என்கிறான். 'பெசாதோஸ்' மூட்டை மூட்டையாகச் சாமான் சுமந்துகொண்டு போகிறார்கள் என்கிறான். அந்தச் சொல்லுக்குக் கனமானவர்கள் என்றும் பொருள், அடியாட்கள் என்றும் பொருள். அவர்களைப் பார்த்துவிட்டு அவன் கேட்பது ஒன்றுதான்: எனக்குக் கனமில்லாமல் இருக்க வேண்டும்.

---

ரிதம்பேட்_மணி எழுதியது:

அக்கா, அப்படியானால் அந்த 808 ஏன் என்று இப்போது விளங்குகிறது. இதற்கு முன்னால் அவர் செய்த சிம்பொனி ராக்கெல்லாம் கனம். எழுபதுகளில் அவருடைய 'லா மாகினா தே அசேர் பாஹரோஸ்' குழுவைக் கேட்டுப் பாருங்கள், இரண்டு கீபோர்டு, ஒவ்வொரு பாட்டிலும் நாலு மாடி. சின்ன வயதிலிருந்து கிளாசிக்கல் பியானோ படித்து, எந்தச் சுரம் என்று காதாலேயே சொல்கிற ஆள், எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஒரு டப்பாவைத் தட்டிவிடுகிறார். கிக், கைதட்டல், பேஸ். வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்.

---

கறார்_பேர்வழி எழுதியது:

இந்த வாதம் பரவாயில்லை. அட்டைப்படக் கதையை விட இதுதான் நிற்கிறது. முதல் பாட்டின் வரிகள் எனக்குத் தெரியாமல் பேசினேன், அது தப்பு. ஆனால் லாரி கார்ல்டன் கிட்டார் இன்றைக்கும் எனக்கு ஷோரூம் வாசனைதான். அதில் மாற்றமில்லை.

---

நாலாம்_பக்கம் எழுதியது:

ஷோரூம் வேண்டாம் என்றால் மேடைக்குப் போங்கள். டிசம்பரில், ஆல்ஃபோன்சின் பதவியேற்ற சூட்டோடு, லூனா பார்க் அரங்கில் இந்த ஆல்பத்தை வாசித்தார்கள். கீபோர்டில் இருபது வயது ஃபித்தோ பாயெஸ். எட்டு வருஷத்துக்கு முன்பு இதே அரங்கில்தான் சார்லியின் முதல் குழு சுயி ஜெனெரிஸ் விடைபெற்றது.

---

மாடிவீட்டு_ரேடியோ எழுதியது:

இரண்டு நாளாக இந்த இழையையும் ஆல்பத்தையும் மாற்றி மாற்றிப் படித்தும் கேட்டும் கொண்டிருக்கிறேன். இந்த முறை விளக்கை அணைக்கவில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். முதல் பாட்டு வந்ததும் கால் மறுபடி தட்டியது. சாம்பல் உடைக்காரர்கள் வரும் வரியைச் சொல்வேர் சொன்ன இடத்தில் பிடிக்க முடிந்தது. கால் நிற்கவில்லை. நிறுத்த வேண்டுமா என்று ஒரு நொடி யோசித்தேன், கையில் சோப்பு நுரையோடு. பாட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது, நானும் விட்டுவிட்டேன்.

எட்டாவது பாட்டில், 'பிளாத்தியாதோ'வில், ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறதே, அது என்ன? என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்கிறாள்.

---

சொல்வேர் எழுதியது:

'இங்கே இருப்பதற்கு நாம் ஏன் இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது?'

---

ஹட்சன்_கரை எழுதியது:

இதை நியூ ஜெர்சியில் உட்கார்ந்து ராத்திரி ஒரு மணிக்குப் படிக்க வைத்துவிட்டீர்களே.

---

மாடிவீட்டு_ரேடியோ எழுதியது:

சரி, அடுத்து எது?

---

ரிதம்பேட்_மணி எழுதியது:

1984, 'பியானோ பார்'. மெஷின் பின்னால் போய் நிஜ டிரம் திரும்ப வருகிறது. ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் போடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் உட்கார வைத்துக் கேட்க வையுங்கள்.